மேட்டுப் பழமும் ஓடைப் பழமும்

அவர் துப்புவதைப் பார்க்க ஒரு கூட்டமே உட்கார்ந்திருக்கும். ஒரு வாய் ஒயினை உறிஞ்சி, கன்னத்துக்குக் கன்னம் உருட்டி, பல்லிடுக்கில் காற்றை இழுத்துக் களகளவென்று சத்தம் எழுப்பி, கண்ணை மூடி ஒரு நிமிஷம் இருப்பார். பிறகு இரண்டடி தள்ளி வைத்திருக்கும் பித்தளைப் படிக்கத்தில் ஒரு சொட்டு வெளியே சிந்தாமல் பீய்ச்சுவார். கும்பகோணத்திலிருந்து வரவழைத்த படிக்கம் அது, ஒரு காலத்தில் யாரோ வெற்றிலைச் சாறு துப்பியது. நாங்கள் குறி கேட்க வந்தவர்கள் மாதிரி அவர் வாயையே பார்த்துக்கொண்டிருப்போம். "மேட்டு வரிசை, தென்கிழக்கு மூலை, மழை கம்மியான வருஷம்" என்பார். நாங்கள் தலையாட்டுவோம். கருமம், நானும் ஆட்டியிருக்கிறேன்.

அவர் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. மரியாதைக்காக என்று நினைத்துவிடாதீர்கள். எழுதினால் கை கழுவவேண்டும், அவ்வளவுதான். சன்னிவேலில் நான் வேலை பார்த்த கம்பெனியில் அவர் டைரக்டர். எங்கள் டீமில் பாதிப்பேர் தமிழ். ஆபீஸில் எல்லோரும் அவரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவோம், அமெரிக்கா அல்லவா. சனிக்கிழமை சாரடோகா தாண்டி மலை ஏறினால் அதே வாய் "அண்ணா" என்று குழையும். மேலே அவருக்கு ஐந்து ஏக்கரில் ஒரு திராட்சைத் தோட்டம் இருந்தது. மாதத்தில் ஒரு சனிக்கிழமை டீமிலிருக்கும் தமிழர்கள் எல்லோரும் குடும்பத்தோடு அங்கே போவோம். கட்டாயம் என்று யாரும் சொன்னதில்லை. போகாதவர்கள் யார் என்று மட்டும் திங்கட்கிழமை அவருக்குத் தெரிந்திருக்கும்.

ஒன்றைச் சொல்லியாகவேண்டும், பாடம் நன்றாக எடுப்பார். தோட்டம் ஒரு மலைச் சரிவு. உச்சியில் பத்து வரிசை, கீழே ஓடையோரம் பத்து வரிசை. ஒரே ரகக் கொடி, ஒரே நாளில் நட்டது. மேட்டில் மண் ஒரு முழ ஆழம்தான், அதற்குக் கீழே உடைந்த பாறை. தண்ணீர் நிற்காது. கொடி பிழைக்க வேண்டுமானால் பாறை விரிசலுக்குள் வேரை நுழைத்து எங்கேயோ ஆழத்தில் போய் ஈரத்தைத் தேடவேண்டும். காலையில் பள்ளத்தாக்கு முழுக்கப் பனிமூட்டம் அடைத்துக் கிடக்கும்போது மேட்டு வரிசைகள் அதற்கு மேலே வெயிலில் நிற்கும். மதியம் சன்னிவேல் வெந்துகொண்டிருக்கும்போது அங்கே கடல் காற்று வரும். அதனால் பழம் அவசரப்படாமல் பழுக்கும். சுண்டைக்காய் அளவுதான் இருக்கும், தோல் தடிப்பு, ஒயின் கருஞ்சிவப்பு. ஓடையோரம் வேறு கதை. ஆழமான களிமண், எப்போதும் ஈரம். கொடி இலையாகத் தள்ளும். பழம் கோலிக்குண்டு மாதிரி புடைத்திருக்கும், கடித்தால் தண்ணீர். இரவின் குளிர் சரிந்து இறங்கி அங்கேதான் தேங்கும். மூட்டம் கடைசியாகக் கலைவதும் அங்கேதான், நோய் முதலில் விழுவதும் அங்கேதான்.

இரண்டையும் தனித்தனிப் பீப்பாயில் போட்டு வைத்திருப்பார். தனித்தனிக் கோப்பையில் ஊற்றிக் கையில் கொடுப்பார்.

"டேஸ்ட் பண்ணிப் பாரு. சேம் கொடி, சேம் வருஷம். நடுவுல முந்நூறு அடிதான் டிஃபரன்ஸ். மண்ணு பொய் சொல்லாது."

குடித்துப் பார்த்தால் உண்மைதான். ஓடை ஒயின் சப்பென்று தொண்டையில் இறங்கிவிடும். மேட்டு ஒயின் நாக்கைப் பிடித்து இழுத்து, விழுங்கிய பிறகும் விடாது. ஒயினைப் பற்றி எனக்கு இன்றைக்குத் தெரிந்ததெல்லாம் அந்த மனிதர் சொல்லிக்கொடுத்ததுதான். அதை நினைத்தாலும் எரிச்சலாக வருகிறது.

பழத்தோடு நிறுத்தியிருந்தால் நான் இதை எழுதவே வேண்டியதில்லை. அவர் எதையும் எங்கே விளைந்தது என்று கண்டுபிடிக்காமல் விடமாட்டார். எல் கமினோவில் ஒரு ஓட்டலில் டீம் லஞ்ச். சாம்பாரை ஒரு கரண்டி வாயில் விட்டு, எல்லோர் முன்னாலும் அதையும் களகளவென்று உருட்டினார். பக்கத்து மேஜைக் குழந்தை வாயைப் பிளந்து பார்த்தது. "கொங்கு நாட்டுக் கை. கோபிக்கு வடக்க" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு, சமையல்காரரை வெளியே கூப்பிடச் சொன்னார். ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தவர் மெக்சிகோக்காரர். நாங்கள் சிரிப்பை அடக்கமுடியாமல் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் அசரவே இல்லை. "ட்ரெய்ன் பண்ணவன் கோபிக்காரனா இருப்பான்" என்று அடுத்த இட்லியைப் பிட்டார்.

மனிதர்கள் விஷயத்தில் அவர் இவ்வளவு சுலபமாகத் தவறமாட்டார். டீமில் புதிதாகத் தமிழர் யாராவது சேர்ந்தால் காபி மெஷின் பக்கத்தில் ஆரம்பிப்பார்.

"எந்த ஊரு?"

"மதுரை."

"மதுரைன்னா மதுரையேவா, பக்கத்துலயா?"

"மேலூர் பக்கம்."

"நிலம் நீச்செல்லாம் உண்டா? குலதெய்வம் எங்க?"

நாலு கேள்வி. நாலாவது பதிலில் அவர் மூக்கு லேசாக விடைக்கும். கண்டுபிடித்துவிட்டார் என்று அர்த்தம். இந்தக் கேள்விகளை அவர் அமெரிக்கா வந்து கற்றுக்கொள்ளவில்லை. ஊரில் ரயிலில் எதிர் சீட்டுக்காரர் முறுக்கை நீட்டிக்கொண்டே கேட்பதுதான். யாரும் எதையும் நேராகக் கேட்பதில்லை, ஆனாலும் ஸ்டேஷன் வருவதற்குள் எல்லாம் தெரிந்துபோகும். எனக்கும் கேட்கத் தெரியும். உங்களுக்கும் தெரியும்.

நான் கம்பம் என்று சொன்னபோது "பன்னீர் திராட்சை ஊரு" என்று முகம் மலர்ந்தார். அப்பாவுக்கு அங்கே பந்தல் தோட்டம் இருக்கிறது என்றதும் இன்னும் நெருங்கி நின்றார்.

"அது தண்ணிப் பழம்மா. வருஷத்துக்கு ரெண்டு மூணு வாட்டி காய்க்கிற கொடிக்கு கேரக்டர் எங்கேர்ந்து வரும்? ஆனா தோட்டம் வச்சிருக்கிற குடும்பம். அது தெரியுது உன் வேலையில."

நான் எழுதிய கோடில் அப்பாவின் தோட்டம் தெரிகிறதாம். அன்றைக்கு அது எனக்கு இனித்தது, இல்லையென்று சொன்னால் பொய்.

இந்தப் பைத்தியத்தின் உச்சம் அவருடைய மண் அலமாரி. மலை வீட்டில் ஒயின் ருசிக்கும் அறையில் ஒரு சுவர் முழுக்கக் கண்ணாடிக் குப்பிகள். யார் ஊருக்குப் போனாலும் தங்கள் ஊர் மண்ணை ஒரு பிடி கொண்டுவந்து கொடுக்கவேண்டும். அமெரிக்காவுக்குள் மண் கொண்டுவரக் கூடாது, கஸ்டம்ஸ் ஃபாரத்தில் அதற்கென்று கேள்வியே இருக்கிறது. ஆனாலும் படித்த மனிதர்கள் நாங்கள், ஜிப்லாக் பையில் மண்ணைக் கட்டி இட்லிப்பொடிப் பாக்கெட்டுக்கு நடுவில் செருகி, ஃபாரத்தில் இல்லை என்று டிக் அடித்துக் கொண்டுவந்து கொடுத்தோம். கரிசல், செம்மண், தேரி மணல், ஒவ்வொன்றுக்கும் ஊர்ப் பெயரும் கொண்டுவந்தவர் பெயரும் எழுதி ஒட்டியிருக்கும். சில சமயம் ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்துப் பார்ப்பார். மாடு மேய்ந்த மண், ஆடு மேய்ந்த மண், யார் எதைக் கழித்த மண்ணோ, சப்புக்கொட்டுவார். நடுத் தட்டில் பெரிய குப்பி அவருடையது. "வண்டல். காவிரி கொண்டாந்து கொட்டினது. எங்க குடும்பம் தலைமுறை தலைமுறையா வச்சிருந்த நிலம்" என்று புது ஆட்களிடம் சொல்வார். நிலத்தை விற்று வெகுகாலம் ஆகிறது என்று அண்ணி, அதாவது அவர் மனைவி, ஒரு முறை வாய்தவறிச் சொல்லியிருக்கிறார். அண்ணி ஒயினைத் தொடமாட்டார். எல்லோருக்கும் தயிர்சாதம் பரிமாறிவிட்டு, கடைசியில் அந்த எச்சில் படிக்கத்தை எடுத்துக்கொண்டு போய்க் கழுவி வைப்பார். அது அவருடைய வேலை.

செல்வம் எங்கள் டீமில் சேர்ந்தது ஒரு வசந்த காலத்தில். என்னைவிட இளையவன், உத்தமபாளையத்துக்குப் பக்கத்து ஊர், அதனால் முதல் நாளே எனக்கு "அக்கா" போட்டுவிட்டான். மனைவி, இரண்டாம் வகுப்புப் படிக்கிற ஒரு பெண். அமெரிக்கா வந்து அப்போதே நாலு வருஷம் முடிந்திருந்தது. அவன் விசாவின் கணக்கு இதுதான்: ஐந்தாவது வருஷம் முடிவதற்குள் கம்பெனி கிரீன் கார்டு ஃபைலை அனுப்பிவிட்டால் தொடர்ந்து தங்கலாம், இல்லையென்றால் ஆறாவது வருஷத்தோடு மூட்டை கட்டவேண்டும். அனுப்புவதற்கு டைரக்டர் சரி சொல்லவேண்டும். அவர் ஒரு மெயில் அடித்தால் போதும். அதற்கு அவனிடம் ஒரு வருஷம் இருந்தது.

முதல் தடவை மலைக்கு வந்த அன்றே செல்வம் ஓடையோரம் ஒரு இலையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "சாம்பல் நோய் விழுந்திருக்குண்ணா" என்றான். அவர் நம்பவில்லை. அவன் விரலால் தடவி வெள்ளைப் பொடியைக் காட்டினான். காய்களை மூடிக்கொண்டிருக்கும் இலைகளைக் கிள்ளிவிட்டால் காற்று போய்வரும், காலை வெயில் படும், மிச்சம் தப்பிக்கும் என்று சொல்லி, நாலு கொடியில் சரசரவென்று கிள்ளியும் காட்டினான். அப்படி ஒரு கை. அவர் மூக்கு உடனே வேலை செய்ய ஆரம்பித்தது.

"எப்படிப்பா தெரியும்? உங்களுக்கும் தோட்டம் உண்டா?"

"ஊர்ல பாத்ததுதாண்ணா."

அதற்கு மேல் அவன் வாயிலிருந்து வரவில்லை. அதோடு போயிருக்கும். அன்று சாயங்காலம் ருசிக்கும் அறையில் அவர் தன் வழக்கமான பாடத்தை எடுத்தார். மேட்டுப் பழம் கஷ்டப்பட்டது, அதனால் உசத்தி. ஓடைப் பழம் உட்கார்ந்து தின்றது, அதனால் சப்பை. பிறகு வண்டல் குப்பியை எடுத்துக் காவிரிப் பெருமையை ஆரம்பித்தார். செல்வம் கோப்பையைப் பார்த்துக்கொண்டே, சாதாரணமாகக் கேட்டான்.

"அண்ணா, அப்ப வண்டல்ல வெளைஞ்சது சப்புன்னுதான இருக்கணும்?"

எல்லோரும் வெடித்துச் சிரித்தோம், அண்ணிகூடச் சிரித்தார். அவர் சிரிக்கவில்லை. குப்பியை மெதுவாகத் திரும்ப வைத்தார்.

"அது கொடிக்குப்பா. மனுஷனுக்கு வேற" என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். "நீ அடுத்த மாசம் ஊருக்குப் போறேல்ல? செல்வம் மண்ணு நம்ம கலெக்‌ஷன்ல இல்ல. கொண்டு வந்துடு."

செல்வம் ஏதோ சொல்ல வாயெடுத்து, பிறகு சரி என்றான். காரில் வரும்போது, "எங்களுக்கு நிலமெல்லாம் இல்லக்கா. வீட்டு வாசல்ல ஒரு பிடி அள்ளிக்கங்க, அம்மாகிட்ட சொல்லி வைக்கறேன்" என்றான்.

போனேன். அவன் ஊர் எங்கள் வீட்டிலிருந்து அரை மணி நேரம். கடைத்தெருவில் பெயர் சொல்லிக் கேட்டதும், ஒருவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "அது ஊருக்குள்ள இல்லம்மா. மேற்க போயி ஓடையைத் தாண்டணும்" என்று கை காட்டினார். ஓடைக்கு அந்தப் பக்கம் இரண்டு தெரு, அரசாங்கம் கட்டிக்கொடுத்த வரிசை வீடுகள். செல்வத்தின் அம்மா வாசலிலேயே நின்றிருந்தார். பிளாஸ்டிக் நாற்காலியை முந்தானையால் துடைத்துப் போட்டார். நான் யார் மகள் என்று சொன்னதும் அவருக்கு அப்படி ஒரு சந்தோஷம். "உங்க அப்பா தோட்டத்துல ரெண்டு சீசன் நான் பழம் வெட்டியிருக்கேன் பாப்பா. கத்திரியைப் பிடிச்சுப் பிடிச்சு இந்த வெரலு மடங்கவே மடங்காது" என்று கையைக் காட்டினார். மகனின் இலை கிள்ளும் கை எங்கிருந்து வந்தது என்று புரிந்தது. மண்ணை அள்ளிப் பையில் போட்டுக்கொண்டேன். கார் நிற்கிறது என்று பத்து நிமிஷத்தில் கிளம்பிவிட்டேன்.

திரும்பி வந்த திங்கட்கிழமை அவர் என்னை ரூமுக்குக் கூப்பிட்டார், கதவைச் சாத்திவிட்டால் அங்கேயும் அண்ணாதான். பையை வாங்கி வெளிச்சத்தில் பார்த்தார்.

"வயல் மண்ணா?"

"வாசல் மண்ணுண்ணா."

"வீடு ஊருக்குள்ள இருக்கா, தள்ளி இருக்கா?"

எவ்வளவு மென்மையான கேள்வி. தெரியாது என்று சொல்லியிருக்கலாம். ஊர் நடுவில், கோயில் பக்கத்தில் என்று ஒரு பொய்யை விட்டிருக்கலாம், கஸ்டம்ஸில் அடித்தவள்தானே. இந்தக் கேள்விக்கு என்ன அர்த்தம் என்று தெரியாத பச்சைக் குழந்தையும் இல்லை நான்.

"கொஞ்சம் தள்ளிண்ணா. ஓடை தாண்டி" என்றேன்.

அவர் மூக்கு விடைத்தது. லேசாகப் புன்னகைத்தார். நானும் புன்னகைத்தேன். எதற்கு? அந்த மூன்று நொடி அவரும் நானும் ஒரே வரப்பில் நிற்கிற மாதிரி இருந்தது, அது பிடித்திருந்தது. அதுதான் உண்மை, வேறு எப்படிப் பூசி மெழுகினாலும் நிற்காது.

செப்டம்பரில் அறுவடை. அவர் அதற்கு ஹார்வெஸ்ட் பார்ட்டி என்று பெயர் வைத்திருந்தார். இஞ்சினியர்கள் எல்லோரும் தொப்பி போட்டுக்கொண்டு, குழந்தை குட்டிகளோடு அவருடைய பழத்தை அவருக்காக வெட்டிக் கூடையில் நிரப்பி, போட்டோ எடுத்துப் போட்டுக்கொள்வோம். கூலி இல்லாமல் ஒருவன் தோட்டத்தில் வேலை செய்துவிட்டு அதைப் பெருமையாகக் காட்டிக்கொள்கிற ஜாதி உலகத்திலேயே நாங்கள் ஒன்றுதான் இருப்போம். செல்வம் எங்கள் மூன்று பேர் வேலையை ஒருவனாகச் செய்தான். ஒரு போட்டோகூட எடுக்கவில்லை. ஏன்டா என்றதற்குச் சிரித்தான்.

"அம்மா பாத்தா, இதுக்கா அவ்வளவு தூரம் போனேன்னு கேப்பாங்கக்கா."

சாயங்காலம் வழக்கம்போல உருட்டலும் துப்பலும் நடந்தன. எல்லோரும் துப்பி முடித்து, படிக்கம் முக்கால்வாசி நிறைந்து, மேலே நுரை கட்டி நின்றது. பதினைந்து பேர் எச்சில். அண்ணி எடுக்க வந்தார். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"நீ விடு. தம்பி, செல்வம், அதைக் கொஞ்சம் கொட்டிட்டு வந்துடறியா?"

குரலில் அதட்டல் இல்லை. பக்கத்தில் உப்பு எடுத்துத் தரச் சொல்வது போலத்தான் சொன்னார். செல்வம் அவரைப் பார்த்தான். பிறகு எங்கள் எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தான். நான் போனை எடுத்துப் பார்க்க ஆரம்பித்தேன், அதில் ஒன்றுமே இல்லை. அவன் எழுந்து இரண்டு கையாலும் அதைத் தூக்கிக்கொண்டு போனான். தளும்பி அவன் சட்டைக் கையில் வழிந்தது. சமையலறையிலிருந்து அண்ணியின் குரல் கேட்டது. "இந்த சிங்க் வேண்டாம்ப்பா. வெளிய குழாய் இருக்கு, அங்க கழுவிடு."

அவனுடைய மண்ணைக் குப்பிகளில் தேடினேன். சுவரில் இல்லை. கை கழுவப் போனபோது சிங்க்குக்குக் கீழே, ஸ்பாஞ்சுக்கும் பாத்திர சோப்புக்கும் நடுவில், அதே ஜிப்லாக் பையில் கிடந்தது.

அதற்குப் பிறகு ஒவ்வொரு தடவையும் படிக்கம் செல்வத்திடம்தான் போனது. இரண்டாவது முறைக்குப் பிறகு யாரும் சொல்லக்கூட வேண்டியிருக்கவில்லை. அவன் ஏன் வருவதை நிறுத்தவில்லை என்று கேட்பீர்கள். ஃபைல். வேறு என்ன? மாதாமாதம் கேட்டான், மாதாமாதம் "அடுத்த குவார்ட்டர் பாக்கலாம்" என்றார். வேலையில் ஒரு குறை சொல்லமுடியாது, டீமிலேயே கஷ்டமான பகுதி அவன் கையில்தான் இருந்தது. இந்த நடுவில் என் ஃபைலுக்கு அவர் பத்தே நாளில் சரி சொல்லிவிட்டார்.

ஜனவரியில் கொடிகளைக் கவாத்து வெட்டிக்கொண்டிருந்தபோது ஒரே ஒரு முறை கேட்டேன். "அண்ணா, செல்வம் ஃபைல் இன்னும் போகலையாமே. டைம் முடியப்போகுது."

அவர் கத்திரியை நிறுத்தவில்லை. "அவசரப்பட்டு தண்ணி விட்டா கொடி சோம்பேறி ஆயிடும்மா. வேர் மேலாக்கவே நின்னுடும். கொஞ்சம் காயட்டும். அவனுக்கே நல்லது."

காயவிட்டால்தான் நல்ல பழம் என்றால் எனக்கு ஏன் பத்து நாளில் தண்ணீர் விட்டீர்கள் என்று நாக்கு நுனி வரை வந்தது. வாயில் கொழுக்கட்டை. கீழே விழுந்த கொடித் துண்டுகளைப் பொறுக்கிக் குவித்துவிட்டு வந்தேன்.

ஏப்ரலில் நாள் முடிந்தது. ஃபைல் போகவில்லை. ஒரு வருஷமே பாக்கி இருக்கிற விசாவை வேறு கம்பெனிகளும் எடுக்கவில்லை. அப்போதுதான் செல்வம் ஹெச்ஆருக்கு எழுதினான், படிக்கம் உட்பட எல்லாவற்றையும். ஒரு அமெரிக்கப் பெண்மணி எங்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு விசாரித்தார். என் முறை வந்தபோது, பார்ட்டியில் அந்தப் பாத்திரத்தைச் செல்வம் மட்டும்தான் கழுவினாரா என்று கேட்டார். என் ஃபைல் பாதி வழியில் இருந்தது. அடுத்த கடிதத்தில் யார் கையெழுத்து வேண்டும் என்று எனக்குத் தெரியும்.

"நாங்கள் எல்லோருமே மாற்றி மாற்றிச் செய்வோம்" என்றேன், நல்ல ஆங்கிலத்தில்.

அவர் எழுதிக்கொண்டு நன்றி சொன்னார். மற்றவர்களும் இதையேதான் சொல்லியிருக்கவேண்டும். விசாரணை மூன்று வாரத்தில் ஒன்றுமில்லை என்று முடிந்தது. அவர் இன்னும் அந்த மலையில்தான் இருக்கிறார், இன்னும் துப்பிக்கொண்டுதான் இருப்பார், சுற்றி யாராவது உட்கார்ந்திருப்பார்கள். எனக்குக் கிரீன் கார்டு வந்ததும் கம்பெனி மாறி மில்பிடாஸ் பக்கம் போய்விட்டேன். அவரைப் பற்றி யார் பேச்செடுத்தாலும் பொங்குவேன். பொங்கி என்ன?

செல்வம் கனடாவில் வேலை தேடிக்கொண்டான். பள்ளிக்கூடம் முடிந்ததும் கிளம்பினார்கள். கிளம்புவதற்கு முந்தின நாள் நான் பார்க்கப் போனபோது அபார்ட்மெண்டில் ஏழெட்டுப் பெட்டிகளும் ஒரு பாயும்தான் மிச்சம். அவன் பெண் ஒரு பெட்டி மேல் உட்கார்ந்து, "ஆன்ட்டி, ஐ டோன்ட் வான்ட் டு கோ" என்றாள். அவள் அம்மா அவளைக் கீழே பூங்காவுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். செல்வமும் நானும் சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தோம்.

"அக்கா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்னு இருந்தேன்."

ஓடை தாண்டி என்று அவரிடம் சொன்னது யார் என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது என்று நினைத்தேன். கேட்டால் ஒப்புக்கொள்வதா, மறுப்பதா என்று மனசு ஓடியது. வெட்கக்கேடு, மறுப்பது என்றுதான் முடிவு செய்திருந்தேன்.

"இங்க நடந்தது எதையும் அம்மாகிட்ட சொல்லலக்கா. கனடாவுல சம்பளம் கூடன்னு சொல்லியிருக்கேன். நீங்க மண்ணு எடுக்கப் போனீங்கல்ல, அதை இன்னும் சொல்லிட்டிருக்காங்க. தோட்டக்காரவுக மக நம்ம வீட்டுக்கு வந்து, உக்காந்து, நம்ம டம்ளர்ல காப்பி குடிச்சுட்டுப் போச்சுன்னு ரெண்டு தெருவுக்கும் சொல்லியாச்சு. இத்தனைக்கும் நடுவுல அதை நெனச்சாத்தான்கா எனக்குக் கொஞ்சம் ஆறுதலா இருந்துச்சு."

நான் குடிக்கவில்லை. அந்த அம்மா ஸ்டிக்கர்கூடப் பிரிக்காத புது எவர்சில்வர் டம்ளரில் காபியை ஆற்றிக் கொண்டுவந்து இரண்டு கையாலும் நீட்டினார். இப்போதுதான் குடித்தேன் என்று சொல்லி, தொடாமல் எழுந்துவிட்டேன். காலையிலிருந்து நான் ஒன்றுமே குடித்திருக்கவில்லை. அவர் டம்ளரை வைத்துக்கொண்டு கார் வரை கூடவே வந்தார்.

செல்வம் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஆமா, நல்ல காப்பி" என்றேன்.